தமிழ்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆமோதிப்பு

பதுளையில் எந்தக் கூட்டம் நடந்தாலும் வேலைகள் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கும். தீர்மானத்தைப் பிரேரிப்பவர் ஒரு சிங்களவர். அதை ஆமோதிப்பவர் ஒரு தமிழர். கடைசியில் நன்றியுரை சொல்பவர் ஒரு முஸ்லிம். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. இதில் யாருக்கும் கெட்ட எண்ணமும் கிடையாது. எல்லாரும் சேர்ந்து செய்த மாதிரி இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணம்தான். வாசிகசாலை வட்டம், வைத்தியசாலை அபிவிருத்திச் சபை, இரத்ததான முகாம் என்று எங்கே போனாலும் இதே ஏற்பாடுதான்.

அந்த ஏற்பாட்டில் பதுளை நகரத்தின் நிரந்தரத் தமிழ் ஆமோதிப்பாளர் நான். பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன், வாரப் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன், சிங்களம் தடங்கலில்லாமல் பேசுவேன், நேரத்துக்கு வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். இவற்றைவிட முக்கியமான தகுதி, நான் எதையும் எதிர்த்ததில்லை. தலைவர் தீர்மானத்தை வாசித்து முடித்து நான் இருக்கும் பக்கம் தலையைத் திருப்பினால் போதும், என் வலது கை தானாக மேலே போய்விடும். 'ஸ்திர கரனவா' என்பேன். ஆமோதிக்கிறேன் என்பதற்குச் சிங்களம். நான் நித்திரையில் இருக்கும்போது யாராவது தலைவர் குரலில் பேசினால் கையைத் தூக்கிவிடுவேன் என்று என் மனைவி விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு. அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இப்போது அந்தப் பகிடியை அவள் சொல்வதில்லை.

உதைபந்தாட்டத்துக்கும் எனக்கும் இருந்த தொடர்பு, படிக்கிற காலத்தில் பந்து என் பக்கம் வந்தால் நான் வேறு பக்கம் போவேன் என்பதோடு சரி. அப்படியிருக்க மாவட்ட லீக்கின் தலைவர் ஒருநாள் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். நகரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் சிங்களவர், நல்ல மனிதர், எதைச் செய்தாலும் விழாவாகச் செய்ய ஆசைப்படுபவர். லீக் ஒரு சிறப்பு மலர் போடப்போகிறதாம். அதில் நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் வரலாறு வரவேண்டுமாம். அதை நான் எழுதி, வருடாந்தக் கூட்டத்தில் சுருக்கமாகப் பேசவும் வேண்டுமாம். அதற்காக என்னை லீக்கின் கௌரவ அங்கத்தவராகவும் சேர்த்துவிட்டாராம். எனக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்றேன். சம்மேளனத்தைப் பற்றி எழுதுவதற்குப் பந்தைப் பற்றித் தெரியத் தேவையில்லை என்றார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

எழுத உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. பழைய பத்திரிகைகள், பழைய மலர்கள், ஓய்வுபெற்ற நடுவர் ஒருவரின் ஞாபகம், இவைதான் என் ஆதாரங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களும் கப்பல்காரரும் கொண்டுவந்த பந்து துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி, மலைக்கு வந்தது. துரைமார் தங்களுக்குள் ஆடினார்கள். பிறகு நம்மவர்கள் ஆடினார்கள். பிறகு ஒரு சங்கம் வந்தது, நாடு சுதந்திரமானது, உலக உதைபந்தாட்டச் சபையில் ஓர் இடம் கிடைத்தது. இந்த இடம் வரைக்கும் வரலாற்றில் பந்து இருக்கிறது. அதற்குப் பிறகு பந்தைக் காணோம். தேர்தல், தேர்தலுக்கு எதிராக வழக்கு, வழக்குக்கு எதிராக வழக்கு, இடைக்கால நிர்வாகம், யாப்பு என்கிற புதிய விதிப் புத்தகம், அரசாங்கத்தின் தலையீடு, கடைசியில் உலகச் சபை விதித்த தடை. தடை நீங்கியபோது, வீட்டைத் துப்புரவு செய்யுங்கள் என்ற புத்திமதியும் கூடவே வந்தது. உலகத் தரப்படுத்தலில் நம் நாட்டைத் தேடுபவர்கள் பட்டியலைக் கீழிருந்து படிப்பது நல்லது என்று எழுதினேன். இது என்னுடைய பாணி.

ஒன்றைக் கவனித்தேன். அந்த வரலாற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் பிரேரித்திருக்கிறார், ஒருவர் ஆமோதித்திருக்கிறார். பிரேரித்தவரைப் பத்திரிகைகள் திட்டியிருக்கின்றன, அல்லது பாராட்டியிருக்கின்றன. ஆமோதித்தவரைப் பற்றி எங்குமே ஒரு சொல் இல்லை. ஒரு தொழில் சகோதரன் என்ற முறையில் எனக்கு இது ஆறுதலாக இருந்தது.

துப்புரவு என்றால் என்ன என்பதையும் சொல்லவேண்டும். சம்மேளனத்தின் தேர்தலில் வாக்குப் போடுவது லீக்குகள். லீக்கின் தேர்தலில் வாக்குப் போடுவது கழகங்கள். ஆகவே வாக்கு வேண்டியவர்கள் கழகங்களை உண்டாக்கினார்கள். கழகத்துக்குத் தலைவர் இருப்பார், செயலாளர் இருப்பார், இறப்பர் முத்திரை இருக்கும். ஆட்டக்காரர் மட்டும் இருக்கமாட்டார். இவற்றுக்குக் கடதாசிக் கழகங்கள் என்று பெயர். புதிய ஒழுங்கின்படி லீக்குகள் இவற்றைக் களையவேண்டும். நான் என் கட்டுரையில் எழுதினேன்: 'கடதாசிக் கழகங்களை நாம் இகழக்கூடாது. நம் நாட்டில் இதுவரை ஒரு போட்டியிலும் தோற்காத கழகங்கள் அவைதான்.'

கூட்டம் நகரத்து மண்டபம் ஒன்றில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. கழகங்களின் ஆட்கள் வந்திருந்தார்கள். தேயிலைத் தோட்டக் கழகங்களின் கதிரைகளில் பல வெறுமையாக இருந்தன. அன்று தோட்டங்களில் வேலைநாள். நான் பேசினேன். சிங்களத்திலும் தமிழிலும் மாறிமாறிப் பேசினேன். தரப்படுத்தல் பகிடிக்குச் சிரித்தார்கள். தோற்காத கழகம் பகிடிக்கு மண்டபமே குலுங்கியது. அதில் அதிகமாகச் சிரித்தவர்கள் கடதாசிக் கழகங்களின் தலைவர்கள் என்பதை நான் கவனித்து, மேலும் மகிழ்ந்தேன். தலைவர் எனக்கு நினைவுப் பரிசாக ஒரு புதுப் பந்து கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு என் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தேன். கைதட்டல் காதில் இன்னும் இருந்தது. அந்த நேரத்தில் என்னிடம் சொத்தை எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அப்போதுதான் தலைவர் தீர்மானத்தை வாசித்தார். சேர், அதாவது நான், இவ்வளவு அழகாகச் சொன்ன அந்தக் களை எடுப்பை நம் லீக்கும் செய்யவேண்டும் என்று தொடங்கினார். சொந்த மைதானம் இல்லாத கழகம், மைதானத்தின் உரிமையாளரிடமிருந்து எழுத்தில் அனுமதி காட்டவேண்டும். காட்டமுடியாத கழகங்களின் அங்கத்துவம் இன்றோடு நீங்கும். பிரேரித்தாயிற்று. அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

என் கை மேலே போனது. பந்து மடியிலிருந்து உருண்டு விழுந்தது. 'ஸ்திர கரனவா' என்று சொல்லிக்கொண்டே அதைக் குனிந்து எடுத்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

நன்றியுரை சொன்னவர் கடைவீதியில் சாரிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர். நான் அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். கூட்டங்களில் அவர் நன்றி சொல்கிறவர், நான் ஆமோதிக்கிறவன் என்ற வகையில் நாங்கள் பல வருடங்களாகச் சக ஊழியர்கள். கூட்டம் முடிந்து, பிளேன்டீயும் ரோல்ஸும் கையிலிருக்க, அவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"சேர், உங்கட அக்காட மகள் ஆடுற தோட்டம், தெமோதரைக்கு மேல ஈக்கிறதுதானே?"

"ஆமா நானா."

"அவங்களுக்கு கிரவுண்ட் கடிதம் ஈக்கா?"

ரோல்ஸைக் கடித்த வாயோடு நின்றுவிட்டேன்.

இதை வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லலாம். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன். தோட்டத்தில் எதற்கும் எழுத்து கிடையாது என்பது எனக்குத் தெரியும். என் அப்பா பிறந்து, கல்யாணம் கட்டி, கிழவனாகி, செத்துப்போன காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறைக்கு, ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. நிர்வாகம் இரு என்று சொல்லும், கட்டு என்று சொல்லும், ஆடு என்றும் சொல்லும். எழுதித் தா என்று கேட்டால் முகம் மாறிவிடும். எழுதிக் கொடுத்தால் அது உரிமையாகிவிடும் என்ற பயம் துரைமார் காலத்திலிருந்து கம்பெனிக் காலம் வரைக்கும் ஒரேமாதிரித்தான் இருக்கிறது. நகரத்துக் கடதாசிக் கழகங்களுக்கோ எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஏதாவது பாடசாலை அதிபர் ஒருவர், எங்கள் மைதானத்தை இவர்கள் பாவிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். ஆகவே தீர்மானத்தின்படி ஆட்டக்காரர் இல்லாத கழகங்கள் எல்லாம் தங்கின. ஆட்டக்காரர் மட்டுமே இருந்த கழகங்கள் போயின. தெமோதரைப் பக்கம் ஒன்று, பூனாகலைப் பக்கம் ஒன்று, பசறைப் பாதையில் இன்னும் சில. தலைவருக்கு இது தெரிந்திருக்கவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். தெரிந்திருக்கவேண்டியவன் முன்வரிசையில் பந்தோடு இருந்தான்.

அக்கா என்றால் ஒன்றுவிட்ட அக்கா. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அம்மாவோடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாமல் இருப்பதற்கு ஒரே ஒரு வழியைத்தான் வைத்திருந்தாள். அவள் தோட்டத்துப் பெண்கள் அணியின் கோல்காப்பாளர். மாவட்டத் தெரிவுப் போட்டி அடுத்து வர இருந்தது. மாவட்ட அணிக்கு எடுபட்டால் கொழும்பில் ஆடலாம். அங்கே நன்றாக ஆடுகிற பெண்களை அரசாங்கத் திணைக்கள அணிகள் வேலையோடு சேர்த்துக்கொள்கின்றன. அவளுக்கு முந்தி இன்னொரு தோட்டத்துப் பெண் அப்படிப் போயிருக்கிறாள். தெரிவுப் போட்டியில் லீக்கின் அங்கத்துவக் கழகங்களில் ஆடுகிறவர்கள் மட்டும்தான் கலந்துகொள்ளலாம்.

அவர்களுடைய மைதானம் மூடிக்கிடக்கும் பழைய ஃபெக்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சமதரை. நீளம் காணாது. ஒரு பக்கம் தேயிலை, ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் சரிவு. அந்தப் பக்கம் கோல் விழுந்தால் பந்து கீழ்லயம் வரைக்கும் உருண்டுபோகும். கோலை விட்டவர்தான் இறங்கிப் போய் எடுத்து வரவேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். அவள் நல்ல கோல்காப்பாளரானது எப்படி என்று கேட்டவர்களுக்கு அவள் சொல்கிற காரணம் அதுதான், ஏறி வர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்துப் போனேன். பரிசுப் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லி, கடிதத்துக்கு ஏதாவது வழி பார்ப்போம் என்று ஆறுதல் சொல்வது திட்டம். பஸ்ஸில் வசனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். அனுபவமுள்ள எழுத்தாளன் அல்லவா. தொடக்கம், நடு, முடிவு எல்லாம் இருந்தது.

மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"வாங்க மாமா. நீங்க பேசினத பாத்தோம்."

"எங்க பாத்த?"

"லீக் பேஸ்புக்ல போட்டிருக்காங்க, ஃபுல்லா. எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்தோம். கடதாசிக் கழகம் தோத்ததே இல்லைன்னு சொன்னீங்களே, அதுக்கு வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

நான் பரிசுப் பந்தை அவளிடம் நீட்டினேன்.

"அதுக்குப் பொறகு நடந்ததையும் பாத்தோம்," என்றாள்.

என் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் சரிவில் உருண்டு கீழ்லயத்துக்குப் போய்விட்டன. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், பின்வரிசையில் ஆடுகிற இன்னொரு பெண், வாய்க்காரி, பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா கைய தூக்குறது நல்ல ஸ்டைலு. எங்க யூனியன் தலைவரு கூட இவ்வளவு வேகமா தூக்க மாட்டாரு."

சிரிப்புக் கேட்டது. அன்று நான் அங்கே நின்ற நேரம் முழுவதும், பந்து வெளியே போய் யாராவது கையைத் தூக்கி எங்களுக்கு என்று கேட்டால், இன்னொருத்தி 'ஆமோதிச்சாச்சு' என்பாள். என் சொல் அதற்குள் அவர்களுடைய ஆட்டத்தில் ஒரு விதியாகிவிட்டிருந்தது. முப்பது வயதில் என்றால் கோபித்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். இந்த வயதில் கோபம் வருவதற்குக் கொஞ்சமாவது நியாயம் வேண்டியிருக்கிறது.

தோட்ட முகாமையாளரிடம் அவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். அவர் கதிரை போட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, நீங்கள் எவ்வளவு காலமும் ஆடலாம், புல் வெட்டவும் ஆள் தருகிறேன், கடிதம் மட்டும் கேட்கவேண்டாம், அது தலைமைக் காரியாலயத்து விஷயம் என்றாராம். கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரையாவது காட்டி ஒதுங்கலாமா என்று நான் நிறையத் தேடினேன்.

அக்கா லயத்து வாசலில் வைத்துத் தேநீர் கொடுத்தார். தீர்மானத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் தம்பி பெரிய மண்டபத்தில் பேசினான் என்று பக்கத்துக் காம்பராக்களுக்கெல்லாம் அவர் வீடியோவைக் காட்டியிருக்கிறார். பேச்சு முடிகிற இடத்தில் நிறுத்திவிடுவாராம். இதை அவர் சொல்லவில்லை, மகள் சொன்னாள்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது அவள் கேட்டாள், "நீங்கதானே செஞ்சீங்க மாமா, நீங்களே மாத்த ஏலாதா?"

ஏலும் என்றேன். லீக்கின் யாப்பைப் புரட்டிப் பார்த்திருந்தேன். ஒரு தீர்மானத்தை ரத்துச் செய்ய இன்னொரு தீர்மானம் வேண்டும். அதை ஒருவர் பிரேரிக்கவேண்டும், ஒருவர் ஆமோதிக்கவேண்டும். தெரிவுப் போட்டிக்கு முன்னால் லீக்கின் கூட்டம் ஒன்று மிச்சமிருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சிலரைத் தனித்தனியாகப் பார்த்தேன். எல்லாரும் என்னை மரியாதையாக உட்காரவைத்தார்கள். அநியாயம்தான் சேர் என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். பார்ப்போம் என்றும் சொன்னார்கள். பார்ப்போம் என்ற சொல்லை நானே வாழ்நாள் முழுக்கப் பாவித்திருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். நான் பிரேரிக்கிறேன் என்று சிங்களத்தில் சொல்லவேண்டும். வாய் பழக்க தோஷத்தில் 'ஸ்திர' என்று தொடங்கி, நிறுத்தி, திருத்திக்கொண்டது. தோட்டத்து மைதானங்களுக்கு ஏன் எழுத்து கிடைக்காது என்று விளக்கினேன். நகைச்சுவை எதுவும் சேர்க்கவில்லை. பத்து நிமிடம் கூடப் பேசியிருக்கமாட்டேன். ஆனால் தலைகள் கீழே குனிவதைப் பார்க்க அது தாராளமான நேரம். முடித்தேன்.

யாராவது ஆமோதிக்கிறீர்களா என்று தலைவர் கேட்டார். கேட்டுவிட்டு, வழக்கப்படி என் கதிரைப் பக்கம் தலையைத் திருப்பினார். கதிரை காலியாக இருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆமோதிக்கக்கூடியவர்கள் தோட்டக் கழகத்து ஆட்கள்தான். அவர்களுடைய அங்கத்துவம்தான் நீங்கிவிட்டதே, மண்டபத்துக்குள் வர அவர்களுக்கு உரிமையில்லை. அவர்கள் அங்கே இல்லாததற்குக் காரணம் எந்தத் தீர்மானமோ, அந்தத் தீர்மானத்தைத்தான் ரத்துச் செய்யக் கேட்டுக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கைகளைப் பார்த்தேன். மேசையில் இருந்தன, மடியில் இருந்தன, ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கட்டிப் பிடித்திருந்தார். நானா தன் கைக்கடிகாரத்தின் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். அது பட்டரியில் ஓடுகிற கடிகாரம்.

தலைவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். இரண்டாவது தடவையும் கேட்டார். யாப்பின்படி ஆமோதிப்பு இல்லாத தீர்மானம் விழுந்துவிடுகிறது, மன்னிக்கவேண்டும் சேர் என்றார். நன்றியுரையில் நானா என் பெயரையும் சேர்த்து, பயனுள்ள கருத்துகளுக்கு நன்றி என்றார்.

அன்று மாலை அக்கா மகளே தொலைபேசியில் பேசினாள். வீடியோ பார்த்தாயிற்று.

"இந்தத் தடவ யாரும் சிரிக்கல மாமா," என்றாள்.

மன்னிப்புக் கேட்க நான் வசனம் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா கூப்பிடுறாங்க என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் நானாவின் கடைக்கு ஒரு சட்டைத்துணி வாங்குகிற சாக்கில் போனேன். சண்டை போடப் போனேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் துணியை விரித்துப் போட்டுக்கொண்டே தானாகப் பேசினார்.

"கோவிக்க வேணாம் சேர். நான் கைய தூக்கியிருந்தா அடுத்த கேள்வி என்ட கழகத்த பத்தி வரும். கடைப் பேர்ல ஒண்டு ஈக்கே, தெரியாதா? எனக்கு பதினோரு பேர் எங்க ஈக்கி?"

எனக்குத் தெரியாது. தோற்காத கழகங்களில் ஒன்று நானாவுடையது. என் பகிடிக்கு அன்று அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தது ஞாபகம் வந்தது.

"ஆனா ஒரு வேல செய்யலாம்," என்றார். "என்ட கழகத்துக்கு கடிதம் ஈக்கி, புள்ளைகள் இல்ல. அங்க புள்ளைகள் ஈக்கி, கடிதம் இல்ல. கொண்டுவாங்க, அவ்வளவு பேரையும் பதிவோம். சட்டையும் நானே தைச்சுத் தாறன்."

நான் துணியை வாங்கிக்கொண்டு, சண்டை போடாமல் வந்தேன். அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எல்லாரையுமா?" என்றாள்.

"எல்லாரையும்."

"தோட்டத்துப் பேரு?"

"அது வராது. கடைப் பேருதான்."

யாரோ பின்னால் பாத்திரம் கழுவினார்கள்.

"அப்ப தோட்டம் ஆடலைன்னுதானே மாமா ஆகும்."

"ஆமா."

"சரி, பதியச் சொல்லுங்க. இந்த வருசம் விட்டா அம்மா கூட மலைக்குத்தான் போகணும்."

தெரிவுப் போட்டி பதுளை மைதானத்தில் நடந்தது. நானா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கத்தரிப்பூ நிறத்தில் புதுச் சட்டைகள். முன்னால் கடையின் பெயர், முதுகில் இலக்கத்துக்கு மேலே மணப்பெண் சாரிகளுக்குச் சிறந்த இடம் என்ற வாசகம். நம் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வந்த களைப்போடு, பெரிய மைதானத்தின் நீளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய்க்காரி என்னைக் கண்டு முதுகைத் திருப்பிக் காட்டி, "மாமா, ஒரு சாரி எடுக்கிறீங்களா?" என்றாள்.

அக்கா மகள் நன்றாக ஆடினாள். எனக்கு ஆட்டம் தெரியாது என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அன்று பின்னால் சரிவு இல்லை, வலை இருந்தது. பந்து உள்ளே போனால் யாரும் எங்கும் இறங்க வேண்டியதில்லை. ஆனாலும் அவள் கீழ்லயம் பின்னால் இருக்கிற மாதிரியே ஆடினாள். மாவட்ட அணிக்கு எடுபட்டாள். அவளும், இன்னும் ஒருத்தியும். பெயரை வாசிக்கும்போது கழகத்தின் பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். நானா எழுந்து நின்று கைதட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் உண்மையானது. அதைப் பார்த்து என்னால் வெறுக்கவும் முடியவில்லை.

கொழும்பிலிருந்து சம்மேளனத்தின் பிரதிநிதி ஒருவர் வந்திருந்தார். தலைவர் அவருக்கு அந்தப் பெண்களைக் காட்டி, களை எடுத்த பிறகு எங்கள் கழகங்கள் எவ்வளவு துடிப்பாகிவிட்டன பாருங்கள், நகரத்துக் கழகமொன்று தோட்டத்துப் பிள்ளைகளைக் கைதூக்கி விட்டிருக்கிறது என்றார். பிரதிநிதி குறித்துக்கொண்டார். தலைவர் என்னைக் கண்டதும் தோளில் கை போட்டு, சேர், இது மலரில் வரவேண்டும், வரலாற்றின் கடைசிப் பந்தியில் சேர்த்துவிடுங்கள் என்றார். என் தலை ஆடியது. கை அளவுக்கு என் தலையும் பழகியது.

அன்று மாலை அக்கா தொலைபேசியில் வந்தார். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசினார். கடைசியில் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, அந்த சாரிக்கட பதுளையில எந்தப் பக்கம் இருக்கு? புள்ள அவங்களுக்குத்தானே ஆடுது, ஒரு நாளைக்கு போய் பாத்துட்டு வரணும். நாங்க அங்கெல்லாம் எடுக்கிறதில்ல, வெல கூட."

பஸ் நிலையத்திலிருந்து எப்படிப் போகவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. வழி சிக்கலானதல்ல, நான்தான் வலது இடதை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பந்தியை எழுதிக் கொடுத்தேன். தலைவர் கேட்டபடி இரண்டு பெண்கள் தெரிவானதை எழுதினேன். அவர்கள் எந்தத் தோட்டம் என்றும் எழுதினேன். அந்தத் தோட்டத்துக் கழகம் ஏன் இப்போது லீக்கில் இல்லை என்று ஒரு வசனமும், அதற்கான தீர்மானத்தை ஆமோதித்தவர் இந்தக் கட்டுரையை எழுதியவர் என்று இன்னொரு வசனமும் சேர்த்தேன். வரலாற்றில் ஆமோதித்தவர்களையும் எழுதவேண்டும் என்று எனக்கு வந்த திடீர் ஞானம்.

மலர் வந்தது. பளபளப்பான கடதாசி. பெண்களின் படம் இருந்தது, கடையின் பெயர் இருந்தது. தோட்டம் இல்லை, நான் சேர்த்த இரண்டு வசனமும் இல்லை. தலைவரிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான்தான் எடுக்கச் சொன்னேன் சேர், உங்களுக்கு அது அவமானமல்லவா என்றார். என்மேல் இருந்த அன்பில் செய்திருக்கிறார். அந்த இடத்தில் நானாவின் கடை விளம்பரம் கால் பக்கத்துக்கு வந்திருந்தது.

அக்கா மகள் இப்போது கொழும்புப் பயிற்சி முகாமுக்குப் போய்வருகிறாள். மற்றப் பெண்கள் ஞாயிறுகளில் அந்தச் சமதரையில் ஆடுகிறார்கள். நானாவின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான். கழகத்தை மறுபடி லீக்கில் சேர்க்க இன்னும் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். ஆமோதிக்க ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். போன கிழமை வைத்தியசாலை அபிவிருத்திச் சபைக் கூட்டத்தில் ஏதோ ஒன்றை வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். நல்ல தீர்மானம்தான், குடிதண்ணீர்த் தாங்கி பற்றியது. ஆனாலும் எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.